சாயாவுக்குள் போன லெஃப்ட் பேக்

நேற்று சாயங்காலம் அலமாரியின் மேல் எறும்பு வரிசையாக ஏறுவதைப் பார்த்துவிட்டு, அங்கே வைத்திருந்த உங்கள் மரத்தட்டை இறக்கினேன். சுற்றியிருந்த தோர்த்துத் துண்டு அவிழ்ந்து உங்கள் கோல்கீப்பர் கீழே விழுந்தார். விழுந்தவர் சும்மா கிடந்தாரா? உருண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டார். முழங்காலைத் திட்டிக்கொண்டே குனிந்து, துடைப்பத்தால் தள்ளி வெளியே எடுத்தேன்.

ஒரு ஜாதிக்காய். முகர்ந்து பார்த்தால் மிளகும் சுக்கும் கிராம்பும் கலந்து உங்கள் சட்டைப் பையின் வாசனை. நீங்கள் மட்டாஞ்சேரி பஜாரில் புரோக்கராக அலைந்த காலம் முழுக்க, வியாபாரிகளுக்குக் காட்டுகிற சரக்கு மாதிரிகள் அந்தப் பையில்தான் கிடக்கும். பையைத் துழாவாமல் சட்டையை ஊறப்போட்டால் வாளித் தண்ணீரில் ஏலக்காய் மிதக்கும். எத்தனை முறை கத்தியிருப்பேன்! நேற்று அந்த வாசனையோடு கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் போன பிறகு நான் கால்பந்தை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நம் சிவப்புச் சட்டைக்காரர்களின் ஆட்டம் ஒன்றைக்கூட விடவில்லை. தட்டை மட்டும்தான் தொடவில்லை. இப்போது ஒரு சேதி சொல்ல வேண்டியிருக்கிறது. நேராகச் சொல்லிவிடலாம்தான், ஆனால் சொன்னால் நான் தோற்றேன் என்றாகும். அதனால் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுக்குக் கேபிள் வந்த காலத்தில் எனக்கு இந்த இங்கிலாந்து ஆட்டம் கண்ணில் காட்டக்கூடாது. சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் நீங்கள் டிவி முன்னால் உட்கார்ந்தால் வீட்டில் ஒரு வேலை நடக்காது. அந்தக் காலத்தில் நம் சிவப்புக்காரர்கள் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் கப்பைத் தூக்கினால் நீங்கள் தூக்கியது போலச் சந்து முழுக்க நடந்துவிட்டு வருவீர்கள். ஓரத்துக்கு ஒருவன் ஓட வேண்டும், நடுவில் நெட்டையாக ஒருவன் நிற்க வேண்டும், ஓரத்திலிருந்து பந்து வந்தால் அவன் தலையால் முட்டி உள்ளே தள்ள வேண்டும். உங்களுக்கு ஆட்டம் என்றால் அவ்வளவுதான்.

அப்புறம் பழைய பயிற்சியாளர் ஓய்வு பெற்றார், நம் ஆட்களுக்கு ஏழரை பிடித்தது. புதிதாக வந்தவர் எவரும் நிலைக்கவில்லை. பட்டியலில் மேலே இருந்தவர்கள் நடுவுக்கு இறங்கினார்கள். அதே சமயம், பக்கத்து வீட்டு ஜோசி சேட்டனின் ஆகாய நீலச் சட்டைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். அவர்கள் பந்தைத் தூக்கி அடிக்க மாட்டார்கள். சின்னச் சின்னதாகக் கொடுத்து, வாங்கி, திரும்பக் கொடுத்து, எதிராளிக்குத் தலை சுற்றிய பிறகு கோல் போடுவார்கள். கொஞ்ச நாளில் எல்லா அணியும் அதையே பழகிக்கொண்டது. கோல்கீப்பர்கூடக் காலால் பந்தைக் கொடுத்து வாங்க ஆரம்பித்தார். "கோலிக்குக் கை எதுக்குக் கொடுத்திருக்கு?" என்று நீங்கள் டிவியிடம் சண்டைக்குப் போவீர்கள்.

அந்தச் சண்டையெல்லாம் நின்றது உங்கள் கண் போனபோது. சர்க்கரை மெல்ல மெல்லத் தின்றுவிட்டது. எறணாகுளத்துக்குப் படகேறிப் போய் இரண்டு ஆஸ்பத்திரி பார்த்தோம். இனி செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது நீங்கள் தலையாட்டினீர்கள். பஜாருக்குப் போவது நின்றது. ஜன்னலோரத்து நாற்காலியே கதியானது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவீர்கள், சாப்பிட்டால் எழுந்துபோவீர்கள். ஒரு சனிக்கிழமை நானாகவே டிவியைப் போட்டேன். வர்ணனைக்காரர் கத்திக்கொண்டே போனார். கொஞ்சம் கேட்டுவிட்டு, "அணைச்சுடு. மதி, போதும். எனக்கு இனி இதொண்ணும் வேண்டாம்" என்றீர்கள்.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. கண் போனதைப் பொறுத்துக்கொண்டேன். நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வதைப் பொறுக்க முடியவில்லை. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவர் வாயை மூடிக்கொண்டால் மற்றவள் சுவரோடா பேசுவாள்?

அடுத்த வாரம் நானே சொல்கிறேன் என்று உட்கார்ந்தேன். "பந்து நம்மாள்கிட்ட. இப்ப அவங்க ஆள்கிட்ட. திரும்ப நம்மாள்கிட்ட." கொஞ்ச நேரத்தில் உங்களுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"எடீ, நீ பந்தையே சொல்லிட்டிருக்கே. பந்து எங்கன்னு சத்தத்திலேயே தெரியுது. ஆளில்லாத இடம் எங்க இருக்கு? அதைச் சொல்லு, கேட்டியா?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. எனக்கு என்ன ஆட்டம் தெரியும், நான் என்ன கண்டேன்? விடுவிடென்று உள்ளே போய், சரக்கு காட்டுகிற உங்கள் மரத்தட்டை எடுத்துவந்து மடியில் வைத்தேன். எதுவும் உருளாமலிருக்கத் தோர்த்தை நனைத்துப் பிழிந்து விரித்தேன். நம் ஆட்களுக்கு ஏலக்காய், எதிராளிக்குக் கிராம்பு. நம் கோலிக்கு ஜாதிக்காய், அவர்கள் கோலிக்கு ஒரு சுக்குத் துண்டு. டிவியில் நிற்கிறபடியே அடுக்கிவைத்து, உங்கள் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டில் வைத்தேன்.

"இந்தாங்க. ஆளில்லாத இடத்தை நீங்களே தேடிக்கோங்க!"

நீங்கள் தேடினீர்கள். விரல் ஏலக்காயிலிருந்து கிராம்புக்குப் போய், நடுவில் தயங்கி, வலது ஓரத்தில் நின்றது. "இங்க ஒருத்தனும் இல்லையே!" என்றீர்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். உண்மையிலேயே அங்கே ஒருவரும் இல்லை. அதற்கப்புறம் டிவியை அணைக்கச் சொல்லவில்லை.

இப்படித்தான் எனக்கு ஆட்டம் தெரிந்தது. பந்து போகிற வேகத்துக்குத் தட்டில் எதையும் நகர்த்த முடியாது. ஆட்கள் நிற்கிற அமைப்பு மாறும்போது மட்டும் மாற்றினால் போதும். அதற்காகவே அமைப்பைப் பார்க்கப் பழகினேன். பின்னால் நாலு பேர் மூன்று பேராக மாறுவது, நடுவில் இரண்டு பேர் நாலு பேராக மாறுவது எல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. கண்ணில் பட்டதும் எனக்கென்று ஒரு அபிப்பிராயமும் வந்துவிட்டது. எனக்குப் பிடித்தது நீலக்காரர்களின் வழி. பதறாமல், பந்தைத் தொலைக்காமல், பின்னாலிருந்து கட்டி எழுப்பிக்கொண்டு வருவதில் ஒரு அழகு இருக்கிறது என்றேன். நீங்கள் நொந்துபோனீர்கள்.

"என் வீட்டுக்குள்ளேயே ஜோசியா?"

"நல்லதை நல்லதுன்னு சொல்லக்கூடாதா?"

"இதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். மூலையிலேர்ந்து உதைக்கற ஒரு கார்னர், நீட்டி எறியற ஒரு த்ரோ, முட்டறதுக்கு நெட்டையா ஒருத்தன். எல்லாம் திரும்ப வரும், பாத்துக்கோ."

"ஆமா, வரும். மாட்டுவண்டியும் வரும்."

ஜோசி சேட்டன் வீட்டு டிவியில் ஆட்டம் நம் வீட்டைவிட இரண்டு மூச்சு முன்னால் வரும். அந்த மனிதர் நாம் தோற்க வேண்டும் என்பதற்காகவே நம் ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்ப்பார். விடாமல் ஏதாவது கத்திக்கொண்டிருப்பார். நாம் கோல் போடும்போது மட்டும் அந்தப் பக்கம் சட்டென்று சத்தம் அடங்கும். உடனே நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். "அங்க சத்தமில்லை. இப்ப கோல் பாரு." நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து வலையில் கிடக்கும். அதைப் பார்த்தது நான்தான் என்றாலும் முதலில் அறிந்தது எப்போதும் நீங்கள்தான்.

அந்த லெஃப்ட் பேக், பின்வரிசையின் இடது ஓரத்து ஆள், அவன் கதை உங்களுக்கே மனப்பாடம். இருந்தாலும் சொல்கிறேன். நம் அணிக்கு இளம் பயிற்சியாளர் ஒருவர் வந்து, ஆட்கள் மெல்லத் தலையெடுத்துக்கொண்டிருந்த காலம். ஹாஃப் டைமில் சாயா போடப் போனேன். டப்பாவில் ஏலக்காய் இல்லை. மாற்று ஆட்டக்காரர்கள் என்று தட்டின் ஓரத்தில் நாலைந்து ஏலக்காய் வைத்திருந்தேனே, அதில் ஒன்றை எடுத்துத் தட்டிப் போட்டேன். அப்படித்தான் நினைத்தேன்.

ஆட்டம் திரும்ப ஆரம்பித்தது. உங்கள் விரல் பின்வரிசையைத் தடவிக்கொண்டு போனது. ஒன்று, இரண்டு, மூன்று. அங்கே நின்றது.

"லெஃப்ட் பேக் எங்கடீ?"

சாயாவுக்குள் போனது யார் என்று அப்போதுதான் புரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் முகம் மாறியது. விரல் தட்டின் நடுப்பகுதிக்குப் போய் அலைந்தது. "நடுவுக்குப் போய்ட்டானா? பேக்கை அங்கேர்ந்து எடுத்து நடுவுல நிறுத்தியிருக்கானா அந்தக் கோச் பையன்? பாரு, சரியாப் பாரு!"

பார்த்தேன். சத்தியமாக அவன் நடுவில்தான் நின்றான். பந்து நம்மிடம் வரும்போதெல்லாம் ஓரத்தை விட்டுவிட்டு, நடுக்கள ஆட்களோடு போய் நின்றுகொண்டிருந்தான். முதல் பாதி முழுக்கக் கண்ணிருந்த நான் கவனிக்கவில்லை. "ஆமாங்க! அங்கதான் நிக்கறான்!" என்று கத்தினேன். நீங்களும் கத்தினீர்கள். அந்தக் குஷியில் சாயாவை ஒரு வாய் குடித்தீர்கள். பல்லில் என்னவோ கடிபட்டது. இரண்டு விரலால் எடுத்துத் தடவிப் பார்த்தீர்கள்.

"இதோ இருக்கான். வெந்துபோயிருக்கான்."

அன்றைக்குச் சிரித்தீர்களே, அந்தச் சிரிப்புக்குத்தான் அத்தனை மாதம் காத்திருந்தேன். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது. நல்லவேளை, நீங்கள் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலையில் சட்டை எடுத்துக் கேட்டீர்கள். ஜோசி சேட்டனின் தோளைப் பிடித்துக்கொண்டு பஜாருக்குப் போய், கடை கடையாக அந்தக் கதையைச் சொல்லிவிட்டு மத்தியானம் திரும்பினீர்கள். சட்டைப் பையில் மறுபடி ஏலக்காய் இருந்தது. அன்று நான் கத்தவில்லை.

அதற்கப்புறமும் நம் ஆட்கள் சாம்பியன் ஆகவில்லை. மேலே வருவார்கள், கடைசியில் கோட்டைவிடுவார்கள், இரண்டாம் இடம். "அடுத்த வருஷம்" என்பீர்கள். கர்க்கடக மாதத்து ஆடி மழையில், லீக்குக்கு லீவு விட்டிருந்த நாட்களில், நீங்கள் போனீர்கள். தட்டில் எல்லாவற்றையும் தோர்த்தோடு சேர்த்துச் சுற்றி அலமாரி மேல் வைத்தேன். ஓணத்துக்கு முன்னால் புதிய சீசன் ஆரம்பித்துவிட்டது.

இப்போது அந்தச் சேதி. திரும்ப வந்துவிட்டது. நீங்கள் சொன்ன எல்லாம் அப்படியே திரும்ப வந்துவிட்டது. எந்த அணியைப் பார்த்தாலும் துண்டால் பந்தைத் துடைத்துத் துடைத்து, கோல் வாசல் வரைக்கும் நீட்டி எறிகிறார்கள். கார்னர் என்றால் கோலியைச் சுற்றிப் பஸ் ஸ்டாண்டு கூட்டம். நெட்டையர்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். கோலிகள் பந்தைத் தூக்கி உதைக்கிறார்கள். நீலக்காரர்கள்கூட ஆடிப்போயிருக்கிறார்கள். நம் ஆட்களோ கார்னரிலேயே காலம் தள்ளிக்கொண்டு மேலே நிற்கிறார்கள். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கொன்றிருப்பீர்கள். சொல்லிக்காட்ட நீங்கள் இல்லை என்பதில்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

நேற்று ஜாதிக்காயைக் கையில் வைத்துக்கொண்டே ஆட்டம் பார்த்தேன். எறும்பைத் தட்டிவிட்டுத் தோர்த்தை நனைத்து விரித்து, தட்டையும் பக்கத்தில் அடுக்கிக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். நமக்கு ஒரு கார்னர் கிடைத்தது. ஜோசி சேட்டன் வீட்டில் சட்டென்று சத்தம் அடங்கியது. நான் நிமிர்ந்தேன். பந்து பறந்து வந்தது, நெட்டையன் ஒருவன் எழும்பி முட்டினான், கோல். என் கை தானாக இடது பக்கம் போனது, உங்கள் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டில் அந்த இடத்துக்குக் கொண்டுபோக. உங்கள் காலி நாற்காலியின் கைப்பிடிதான் அகப்பட்டது.

கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஜோசி சேட்டன் குரல். மதிலருகே வந்து நின்றிருந்தார்.

"சேச்சீ, பின்னேயும் கார்னர்! சேட்டன் அன்னே பறஞ்ஞதா, இல்லே?"

மறுபடியும் கார்னர், நீங்கள் அன்றைக்கே சொன்னீர்களே என்று எதிர்க்கட்சி ஆள் வந்து ஒப்புக்கொள்கிறார். உங்களுக்கு வர வேண்டிய மரியாதை. வாங்கிக்கொள்ள நான்தான் இருந்தேன். எழுந்து ஜன்னலுக்குப் போய், இடுப்பில் கைவைத்துக்கொண்டு, உங்களைப் போலவே சொன்னேன்: "எல்லாம் திரும்ப வரும்னு அவர் அப்பவே சொன்னார். நீங்க கேட்டீங்களா? யாரும் கேக்கல." வாதத்தில் தோற்றவளும் நான், ஜெயித்தவருக்காகப் பெருமையடித்தவளும் நான். ஜோசி சேட்டன் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

மிச்ச ஆட்டத்தை நான் பேசாமல் பார்க்கவில்லை. உங்கள் நாற்காலியைத் தட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, ஏலக்காய்களை நகர்த்திக்கொண்டே, உங்களுக்குச் சொல்வது போலவே வாய்விட்டுச் சொன்னேன். முதலில் தயக்கமாக இருந்தது, அப்புறம் குரல் சரியாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். பக்கத்து வீட்டில் ஜோசி சேட்டன் தன் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டிருந்தார்.

நான் நிறுத்தவில்லை. "லெஃப்ட் பேக் நடுவுக்கு வந்துட்டான். இடது ஓரம் காலியா இருக்கு. அங்க ஒருத்தரும் இல்லைங்க."