பன்னிரண்டு வண்டிப் பெண்கள்

வேப்பந்தட்டை
பங்குனி, 1946

கிருஷ்ணம்மாளின் அப்பாவுக்கு,

அரியலூரில் ஓட்டு எண்ணி, ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று தெரியும்வரை வீட்டுப் பக்கம் வரமாட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

பெண்களை ஓட்டுப் போட அழைத்துப்போக நீங்கள் பிடித்த பன்னிரண்டு வண்டியும் நேற்று வந்தன. ஆடியில் விதைக்க வைத்திருந்த கடலையை விற்றுத்தானே வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்தீர்கள்? பந்தி நன்றாகவே நடந்தது. ஆனால் பட்டியலில் பெண்களுக்குச் சொந்தப் பெயர் இல்லை, இன்னாருடைய மனைவி என்றுதான் இருக்கிறது. சாவடி அதிகாரி ஒவ்வொருத்தியையும், "வூட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

எவள் சொல்லுவாள்? "அவரு பேர நான் எப்படிங்க சொல்றது?" என்று முதலில் நின்ற ஆண்டாயி திரும்பினாள். அவள் பின்னாலேயே எல்லாரும் வண்டி ஏறிவிட்டார்கள். இத்தனை செலவு செய்தவருக்கு இது தோன்றவில்லையா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கடலையை விற்கும்போதும்தான் கேட்கவில்லை.

கடைசியாக நான் நின்றேன். எதிர்ச் சுவரில் உங்கள் பெயர் முழ உயரத்துக்கு எழுதியிருந்தது. கையால் காட்டினேன்.

"வாயால சொல்லணும்மா."

பதினெட்டு வருஷமாக வாயில் வராத பெயரைச் சொன்னேன். வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகவே சொன்னேன்.

உள்ளே நிற்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பெட்டி வைத்திருந்தார்கள். சீட்டை எந்தப் பெட்டியில் போட்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள். வரும்போது எங்கேயாவது விதைக்கடலை கிடைத்தால் வாங்கி வாருங்கள்.

இப்படிக்கு,
பட்டியலில் உங்கள் மனைவி என்று மட்டும் எழுதியிருக்கிறவள்