சும்மா பார்க்கும் நேரம்

நவம்பர் 4, திங்கள்

தொலைபேசி அடிக்கவில்லை. அரசு ஆய்வாளர்கள் பள்ளி ஆய்வுக்கு வருவதாக இருந்தால் திங்கள் காலையில்தான் கூப்பிடுவார்கள். மறுநாளே வந்து நிற்பார்கள். அதனால் எங்கள் ஆசிரியர் அறையில் திங்கள் மதியம் வரை யாருக்கும் சிரிப்பு வராது. சாப்பாட்டு மணி அடித்ததும் டெனிஸ் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, "இந்த வாரம் பொழச்சோம்" என்றாள். தலைமையாசிரியை ஆனபிறகு அவள் நன்றாகத் தூங்குவதே திங்கள் இரவில்தான்.

நவம்பர் 7, வியாழன்

இன்று கணக்குப் பாடத்தின் நடுவில் கடல் வந்துவிட்டது. பென்சிலைப் போட்டுவிட்டு எல்லோரும் ஜன்னலுக்குப் போனோம். பள்ளிக்கு எதிரே, கடல் வற்றிய விரிகுடா முழுக்க வெறும் ஈர மணல், கண்ணுக்கு எட்டும்வரை. பிறகு தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு. அது கோடா, வெளிச்சமா என்று தெரிவதற்குள் ஓடைகள் நிறைந்து, மணல் கரைந்து, உலகமே மிதக்கிற மாதிரி ஆகிவிடும். ஏழு வயதுப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் நிற்பார்கள். நானும்தான்.

கேள்வி கேட்பதில்லை, எழுதச் சொல்வதில்லை. இதற்குப் பிள்ளைகளே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: சும்மா. "மிஸ், இன்னிக்கு சும்மா எப்ப?" தினமும் நேரம் தள்ளித் தள்ளி வருகிற கடலை எந்தக் கால அட்டவணையில் போடுவது? போடாமல்தான் இத்தனை வருடம் ஓட்டினேன். வாரத்தில் என் மனது நிறைவது அந்த அரைமணி நேரத்தில்தான்.

நவம்பர் 18, திங்கள்

தொலைபேசி அடித்துவிட்டது.

டெனிஸின் முகம் வெளுத்துவிட்டது. எல்லோரும் போனபிறகு என்னைத் தனியாக நிறுத்தினாள். "ஹேசல், போன தடவயே 'முன்னேற்றம் தேவை'ன்னு எழுதிட்டுப் போனாங்க. இந்தத் தடவயும் அப்படின்னா நம்மள வேற ஒரு பெரிய நிர்வாகத்துக்குக் கீழ தூக்கிக் குடுத்துடுவாங்க. என் வேலையும் போயிரும், உன் வேலையும் போயிரும். ரெண்டே நாள்தான். உன் கடல மூட்ட கட்டி வை."

"கடல எப்படி டெனிஸ் மூட்ட கட்டுறது?"

"வெளயாடாத. 'இதனால பிள்ளைங்க என்ன கத்துக்கிட்டாங்க'ன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

சரி, மூட்டை கட்டிவிடுகிறேன் என்றேன். புதன்கிழமை தண்ணீர் வருவது சரியாக மதியப் பாடத்தில். கடவுளே.

நவம்பர் 19, செவ்வாய்

முதல் நாள் பழுதில்லை. பக்கத்து வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நேற்று ராத்திரி கனவில் ஆய்வாளர்கள் வரிசையாக மணலில் நடந்து போனார்கள், மடிக்கணினியைத் திறந்தபடி. ஒருவர் திரும்பி, "அலைகளுக்கு இடையில் தொடர்ச்சி போதவில்லை" என்றார். நான் அலைகளுக்காக மன்னிப்புக் கேட்டேன்.

நவம்பர் 20, புதன்

பயமா, சந்தோஷமா, இன்னும் தெரியவில்லை.

ஆய்வாளர் பிரைஸ் சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்தார். நான் பலகையில் வினைச்சொல் எழுதிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த பையன் ஜோன்டி எழுந்தான். "மிஸ், பறவைங்க கெளம்பிடுச்சு." அவ்வளவுதான், மொத்த வகுப்பும் ஜன்னலில். திரும்பி வாங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏனோ சொல்லவில்லை.

பிரைஸ் அவன் பக்கத்தில் போய்க் குனிந்தார். "இப்ப என்ன கத்துக்கிறீங்க?"

"ஒண்ணும் இல்ல. சும்மா பாக்குறோம்."

செத்தேன் என்று நினைத்தேன்.

"எதுக்கு?"

"தண்ணி வருதுல்ல?" என்றான் ஜோன்டி, இது கூடவா தெரியாது என்கிற முகத்தோடு. "தண்ணி நமக்குத் தெரியறதுக்கு முன்னாடி பறவைங்களுக்குத் தெரிஞ்சிடும். அதான் மொதல்ல எந்திரிக்குது. நீங்க அந்தப் பொட்டியையே பாத்தா ஒண்ணும் தெரியாது."

பிரைஸ் பெட்டியை மூடினார். மூடி, ஜன்னல் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். வெளிச்சம் அவர் முகத்தில் ஏறி இறங்கியது. ஜன்னல் கண்ணாடி ஓரத்தில் அத்தனை பிள்ளைகளோடு ஒரு பெரிய மனிதர், எல்லோர் மனமும் எங்கோ போய்விட்டது. டெனிஸ் அவரைத் தேடிக்கொண்டு கதவு வரை வந்தாள், பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள்.

போகும்போது, "இது பாடத்திட்டத்துல இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ம்" என்றார்.

டிசம்பர் 13, வெள்ளி

நன்று! நன்று! அறிக்கை வந்துவிட்டது, எல்லாப் பிரிவிலும் 'நன்று'. டெனிஸ் அழுதாள், நான் அழுதேன், சமையலறைப் பெண்கள் கஸ்டர்ட் கரண்டியோடு வந்து அழுதார்கள். அறிக்கையில் என் வகுப்புக்கென்றே ஒரு வரி இருக்கிறது: "திட்டமிட்ட உற்றுநோக்கல் மூலம் மாணவர்கள் சிறப்பான அறிவைப் பெறுகிறார்கள்." பத்து முறை படித்தேன். திட்டமிட்டதா? யார் திட்டமிட்டார்கள்? கடலா? இருந்தாலும் அந்த வரியை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

எங்கள் 'உற்றுநோக்கல்' முறை என்னவென்று மாவட்டக் கல்வி அலுவலகம் கேட்கிறதாம், மற்ற பள்ளிகளும் கேட்கின்றனவாம். "எழுதிக் குடு ஹேசல்," என்றாள் டெனிஸ். "நீ இப்ப பெரிய ஆளு." இரண்டு மாலை உட்கார்ந்து எழுதினேன். நோக்கம், படிகள், மதிப்பீடு. எழுத எழுத உண்மையாகவே அப்படித்தான் செய்துவந்தோம் என்று தோன்றியது. பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

பிப்ரவரி 5, புதன்

கால அட்டவணையில் வந்துவிட்டது: உற்றுநோக்கல், புதன், மணி இரண்டு. இன்று இரண்டு மணிக்குக் கடல் வரவில்லை. வராத நாளுக்கென்று, கடல் ஏறி வருவதை டெனிஸ் ஒரு காணொளியாக எடுத்து வைத்திருக்கிறாள். ரொம்பத் தெளிவாக இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

உற்றுநோக்கலுக்கென்று கொடுத்த தாளில் ஜோன்டி ஒரே வார்த்தைதான் எழுதினான்: தண்ணி. மூன்று கவனிப்புகள் எழுத வேண்டும் என்று சொன்னேன். எழுதினான்: தண்ணி, தண்ணி, தண்ணி.

மார்ச் 19, புதன்

மூன்று பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் பார்க்க வந்திருந்தார்கள், பின்னால் வரிசையாக உட்கார்ந்து. திரையில் வெயில் அடித்ததால் ஜன்னல் மறைப்புகளை இறக்கினோம். காணொளி ஓடியது. பிள்ளைகள் அழகாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஜோன்டி கையைத் தூக்கினான். "மிஸ், எதப் பாக்கணும்?"

தாளின் முதல் கட்டத்தைக் காட்டினேன். சரி என்று தலையாட்டி எழுத ஆரம்பித்தான்.

மறைப்புக்கு வெளியே பறவைகள் எழும்பிக் கத்தின. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை, வந்தவர்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.