இடம் மாறிய மீன்கள்

உப்சாலா, மார்ச் 4
மூன்று வார யோசனைக்குப் பின் இன்று முடிவெடுத்தேன்: நான் எழுதும் கணினிக் கருவியில் ஊர்ப்பெயர்கள் தாமாகவே அகரவரிசையில் நிற்கும். எழுந்து நின்று காபி குடித்தேன்.

மார்ச் 11
ஊர் ஊராகப் பிடித்த மீன்களின் மரபணுத் தரவைக் கருவியிடம் கொடுத்தேன். எது எதற்கு உறவு என்று படம் போட்டுத் தந்தது. தெற்கே ஓஹூஸ், வடக்கே யேவ்லே. ஒரே மீன்தான், தெற்கில் கொழுத்த 'சில்', வடக்கில் மெலிந்த 'ஸ்த்ரோமிங்'. படமோ ஓஹூஸ் மீன் ஸ்த்ரோமிங், யேவ்லே மீன் சில் என்கிறது. யாருக்கும் தெரியாமல் இடம் மாறியிருக்கின்றன!

வழிகாட்டி ராக்ன்ஹில்ட் மேசைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். "அடியே, பட்டத்துக்கு இது ஒண்ணே போதும்டி!"

மார்ச் 12
அப்பா ஓஹூஸில் புகைமீன் விற்கிறார். போனில் சொன்னேன். "எங்க மீனு ஸ்த்ரோமிங்கா? அப்ப இவ்ளோ கொழுப்பு அதுக்கு எங்கேருந்து வந்துச்சு, உன்கிட்டேருந்தா?"

மார்ச் 20
கருவியை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டேன்.

ஏப்ரல் 24
மே 26 தேர்வில் என் ஆய்வேட்டைப் பற்றிக் கேள்வி கேட்கப்போகும் டேனிஷ்காரர் ஹ்விட்பெர்க்கிடமிருந்து கடிதம். தம் சிப்பிகளை என் கருவியில் போட்டாராம். அவையும் இடம் மாறியிருக்கின்றனவாம்! கட்டுரையே வெளியிட்டுவிட்டார்.

மே 3
இங்குள்ள பல்கலைக்கழக வழக்கப்படி ஆய்வேட்டைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். இரண்டாவது அடி கட்டைவிரலில். வலிக்கவே இல்லை!

மே 4
அலுவலகக் குன்வோர் அதைப் புரட்டினார். "பட்டியல்ல ஓஹூஸ் எதுக்கு முதல்ல நிக்குது? ஸ்கூல்ல உனக்கு எழுத்து வரிசை சொல்லித் தரலையா, பொண்ணே?"

எங்கள் ஸ்வீடிஷ் எழுத்து வரிசையில் (டேனிஷ்காரர்களுக்கும் அப்படியே) தலையில் வளையம் வைத்த 'ஏ' இசட்டுக்கும் பின்னால் வரும். ஓஹூஸின் முதல் எழுத்து அதுதான், ஒலி மட்டும் 'ஓ'. தரவுக் கோப்பில் சரியாகத்தான் இருக்கிறது: முதலில் யேவ்லே, பிறகு ஓஹூஸ். கருவியின் கண்ணில் வளையம் படவில்லை. சாதாரண ஏ என்று ஓஹூஸ் என்ற பெயரை மட்டும் முன்னால் நிறுத்திவிட்டது, மீன் தரவு பழைய வரிசையிலேயே நிற்கிறது. பேருதான் மாறியிருக்கு. மீன் எங்கயும் போகல. ஐயோ, நாற்பது பக்கம் — நீரோட்டத்துக்கெல்லாம் காரணம் எழுதி வெச்சிருக்கேனே!

சொல்லாமல் விட்டால்? யாருக்குத் தெரியும்?

குன்வோருக்குத் தெரியும்.

மே 5
சொல்லிவிட்டேன். ராக்ன்ஹில்ட் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மத்த மூணு அத்தியாயம் தாங்கும். பிழைதிருத்தம்னு ஒரு தாள் ஒட்டிடு."

ஒட்டினேன்: 'பக்கம் 91 முதல் 130 வரை படிக்க வேண்டாம்.' இவ்வளவு தெளிவாக நான் எதையும் எழுதியதில்லை! கருவியையும் திருத்தி, பயன்படுத்திய எல்லோருக்கும் தெரிவித்தேன்.

மே 19
தேர்வு செப்டம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஹ்விட்பெர்க்குக்கு நேரமில்லை; தம் சிப்பிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டிருக்கிறார்.