இடுப்பருகே காணப்பட்ட புடைப்பு

அனுப்புநர்:
திருமதி வெர்டெல் பெட்டிஃபோர்ட்,
க/பெ. அலான்சோ பெட்டிஃபோர்ட்,
218, டன்லப் தெரு, மூன்றாம் மாடி,
ஈஸ்ட் ஹேவர்ட்டன்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
காவலர் மீதான பொதுமக்கள் புகார் ஆணையம்,
நகர மன்றக் கட்டடம், ஹேவர்ட்டன்.

பொருள்: என் கணவரை 14.10.2010 அன்று தெருவில் வழிமறித்துச் சோதனையிட்டது – புகார் முடித்துவைக்கப்பட்டது – மறுவிசாரணை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் 19.10.2010.
2. ஆணையத்தின் கடிதம், நாள் 07.03.2011.
3. எனது இரண்டாம் மனு, நாள் 15.03.2011 (பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் அலான்சோவுக்கு வயது அறுபத்து மூன்று. ஜார்ஜியாவில் பிறந்து, பதினெட்டு வயதில் இந்நகருக்கு வந்தவர். முப்பத்தொரு ஆண்டுகள் மாநகரப் பேருந்து ஓட்டினார். சீருடையில் இருக்கும் காவலர்கள் பயணச்சீட்டு இல்லாமல் ஏறலாம் என்பது விதி. அப்படி ஏறிய ஒவ்வொருவருக்கும் அவர் வணக்கம் சொல்வார் என்பதை அவருடன் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். அவர் மீது ஒரு வழக்கும் இருந்ததில்லை.

2. 2010 ஜூன் மாதம் அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் கண்டு அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன்பின் வயிற்றின் இடப்பக்கத்தில் ஒரு துளை வைத்து, மலம் அதன் வழியாக ஒரு பையில் சேரும்படி செய்திருந்தார்கள். அந்தப் பையைச் சட்டைக்குள் அணிந்திருப்பார். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. எங்கள் மகளுக்குக்கூட அவர் சொல்ல விடவில்லை. தாங்கள் இதை அறியாமல் மற்றது எதுவும் விளங்காது என்பதால் எழுதுகிறேன்.

3. அக்டோபர் 14, வியாழக்கிழமை, மாலை நான்கே கால் மணி. மருந்துக் கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். ராண்டல் முடிதிருத்தகத்தின் எதிரே ஒரு கார் நின்றது. இரண்டு காவலர்கள் இறங்கினார்கள். இருவரும் இளைஞர்கள், வெள்ளையர்கள். பெயர் கேட்கவில்லை, வணக்கம் சொல்லவில்லை. இடுப்பில் என்ன வைத்திருக்கிறாய் என்றுதான் முதல் கேள்வி.

கடைக்காரர் குளோவிஸ் ராண்டல் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். என் கணவர் சொன்னதை அவர் எழுதிக் கொடுத்தபடியே தருகிறேன்: "சார், எனக்கு ஆபரேஷன் பண்ணியிருக்கு. வயித்துல பை மாட்டியிருக்கு. மெதுவா சட்டையத் தூக்கிக் காட்டட்டுமா?"

காட்டுவதற்காகக் கை கீழே போனது. உடனே ஒருவர் துப்பாக்கியின் மேல் கை வைத்துக் கத்தினார். மற்றவர் அவரைக் காரின் மேல் கவிழ்த்து, சட்டைக்குள் கையை விட்டு, அங்கே இருந்ததைப் பிடித்து இழுத்தார். பை கையோடு வந்துவிட்டது.

4. அப்போது எதிரே பேருந்து நிறுத்தத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் அவர் பக்கத்தில் நின்று பாடும் பெண்மணியும் அவர்களில் ஒருவர். எவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் கோபப்பட்டிருப்பார், அது அவருக்கு நல்லதாக இருந்திருக்கும். எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

காவலர் பையைக் கீழே போட்டுவிட்டு, கையை என் கணவருடைய கோட்டிலேயே துடைத்தார். திரு. ராண்டல் கடைக்குள் ஓடி, முடி வெட்டும்போது போர்த்தும் துணியைக் கொண்டு வந்து என் கணவரைச் சுற்றிக் கட்டினார். காரில் ஏறும்போது அந்தக் காவலர் சொன்னது இதுதான்: "முன்னாடியே சொல்லியிருக்கலாமே, பெரியவரே."

சோதனைக்கான சீட்டு எதுவும் கொடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அவர் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு ஆறு தெரு நடந்து வீட்டுக்கு வந்தார். நான் உடைகளை ஊற வைக்கப் போனேன். "துவைக்காத வெர்டெல். தூக்கிப் போட்டுடு" என்றார். அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. மேலே எழுதியதில் பெரும்பகுதி திரு. ராண்டலிடம் கேட்டறிந்தது.

5. ஆணையத்தின் கடிதத்தில், காவலர்களுக்கு நியாயமான சந்தேகம் இருந்ததாகக் கண்டிருக்கிறீர்கள். அதில் கண்ட காரணங்கள் இவை: இடுப்பருகே புடைப்பு காணப்பட்டது. கையை இடுப்பை நோக்கி நகர்த்தினார். தேடப்பட்டவரின் அடையாளத்துடன் பொருந்தினார். அது குற்றம் மிகுந்த பகுதி.

புடைப்பு இருந்தது. மறுக்கவில்லை. அது என்னவென்று அவர்கள் கேட்டார்கள், இவர் சொன்னார். சொன்ன பிறகும் எஞ்சி நின்ற சந்தேகம் எதனால் என்பதைக் கடிதம் சொல்லவில்லை. கை நகர்ந்தது அனுமதி கேட்டுவிட்டுத்தான்.

குற்றம் மிகுந்த பகுதி என்று தாங்கள் எழுதியிருக்கும் இடத்தில் நாங்கள் முப்பத்து நான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டுக்குப் போக வேறு வழி கிடையாது.

தேடப்பட்டவரின் அடையாளத்தையும் கடிதத்தின் பின்பக்கத்தில் இணைத்திருந்தீர்கள். கறுப்பின ஆண், வயது இருபது முதல் இருபத்தைந்து, சிவப்பு மேல்சட்டை. என் கணவருடைய தலை முழுக்க நரைத்தது. அன்று அவர் அணிந்திருந்தது சாம்பல் நிறக் கோட்டு. பொருந்தியது எது என்று நான் தங்களுக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

6. புகார்தாரர் நேரில் வராததால் விசாரணை முடித்துவைக்கப்படுகிறது என்று கடைசி வரியில் உள்ளது. ஜனவரி 11 காலை ஒன்பது மணிக்கு அழைத்திருந்தீர்கள். அவர் ஏழு மணிக்கே சூட் அணிந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கதவருகே நாற்காலியில் உட்கார்ந்தார். பத்தரை வரை உட்கார்ந்திருந்தார். எழுந்து போய் சூட்டைக் கழற்றி மாட்டினார். நான் தனியாக வந்தேன். "அவரே வந்து சொல்லணும்மா. நீங்க சொல்றத எழுதிக்க முடியாது" என்று தங்கள் அலுவலர் மரியாதையாகவே சொன்னார்.

ஐயா, நான் இருபத்தொன்பது ஆண்டுகளாகப் பள்ளி அலுவலகத்தில் வருகைப் பதிவேடு எழுதி வருபவள். ஒரு குழந்தை மூன்று நாள் வராவிட்டால் வீட்டுக்குத் தொலைபேசி செய்து காரணம் கேட்காமல் அந்தப் பக்கத்தை முடித்ததில்லை. என் கணவர் ஏன் வரவில்லை என்று எவரும் கேட்கவில்லை.

7. அவர் அதன்பின் எங்கும் போகவில்லை. பாடகர் குழுவை விட்டார். முடி வெட்ட ராண்டல் கடைக்கும் போகவில்லை. நான்தான் சமையலறையில் வெட்டிவிட்டேன். மருத்துவமனைக்கு மட்டும் போய் வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வேலைக்குக் கிளம்பிய பின் போவதாகவும், நான் வருவதற்குள் திரும்பிவிடுவதாகவும் சொன்னதை நம்பினேன். ஏப்ரலில் மருத்துவமனையிலிருந்து என் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. நவம்பருக்குப் பிறகு அவர் ஒரு பரிசோதனைக்கும் வந்ததில்லை. மற்றவர் வருகையைக் கணக்கெடுத்தே காலம் தள்ளிய நான் என் வீட்டில் கோட்டைவிட்டேன்.

மே மாதம் எடுத்த படத்தில் நோய் கல்லீரலில் பரவியிருந்தது. முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ஆகவே காவலர்கள் அவரைக் கொன்றார்கள் என்று நான் எழுதவில்லை. இந்த மனுவில் எனக்குத் தெரியாத எதையும் எழுதக் கூடாது என்று இருக்கிறேன்.

8. மூன்றாம் முறை எழுதுவதற்குக் காரணம், பதில் வரும் என்ற எண்ணம் அல்ல. முடித்துவைத்த கோப்பு ஆண்டு முடிவில் பழைய பதிவறைக்குப் போய்விடும் என்றும், மனு ஒன்று வந்தால் மட்டும் மேசையில் இருக்கும் என்றும் தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அது மேசையில் இருக்கட்டும்.

9. ஆகவே தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது: அவருடைய வாக்குமூலத்தை வீட்டுக்கு வந்து பதிவு செய்ய வேண்டும். வழிமறிக்கப்பட்டோர் பட்டியலில் "சந்தேக நபர்" என்ற தலைப்பின் கீழ் இருக்கும் அவர் பெயரை நீக்க வேண்டும். நீக்க இயலாதென்றால், அவர் முன்கூட்டியே சொன்னார் என்ற ஒரு வரியையாவது அதனருகில் சேர்க்க வேண்டும். அவருக்கு இன்னும் மூன்று அல்லது நான்கு வாரங்கள்தான் என்கிறார்கள் மருத்துவர்கள். காலையில் சிறிது நேரம் தெளிவாக இருக்கிறார். பத்து மணிக்கு முன் வந்தால் பேசுவார்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனிக்க வேண்டுகிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை பிராணவாயு உருளை கொண்டுவந்த ஊழியர் கருநீலச் சீருடையில் இருந்தார். அறைக்குள் அவரைக் கண்டதும் என் கணவர் போர்வைக்கு வெளியே இரண்டு கைகளையும் எடுத்து விரித்து வைத்தார். யாரும் கேட்காமலே தம் முழுப் பெயரையும், முகவரியையும், பிறந்த தேதியையும் சொன்னார். அந்த ஊழியர் போன பிறகும் வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாங்கள் யாரை அனுப்பினாலும், சாதாரண உடையில் அனுப்புங்கள்.

இடம்: ஈஸ்ட் ஹேவர்ட்டன்
நாள்: 22.09.2011

தங்கள் உண்மையுள்ள,
வெர்டெல் பெட்டிஃபோர்ட்
(கணவருக்காக)

இணைப்பு: திரு. குளோவிஸ் ராண்டலின் எழுத்துமூல வாக்குமூலம்; மருத்துவச் சான்று; ஆணையத்தின் கடித நகல், இருபக்கமும்.