கோவில் வரிசையில் ஒரு கடிலாக்

தலைமன்னார்,
புதன்கிழமை.

பாசமுள்ள மகள் றஞ்சிதாவுக்கு, பதினொரு அமெரிக்கக் கார்களின் சொந்தக்காரனும் ஒரேயொரு ஓட்டோவின் சாரதியுமாகிய உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. மாதாவின் துணையால் இங்கே நானும் சின்னம்மாவும் பதினொரு கார்களும் நல்ல சுகம். அங்கே நீயும் உன் ஒற்றைக் காரும் சுகமாயிருக்க வேண்டுமென்று செபத்தில் சொல்லி வருகிறோம், செபத்தில் காரைச் சேர்த்தது நான், சின்னம்மா அல்ல. மார்த்தா ரீச்சர் தன் மகளிடம் ரொறன்ரோவுக்கு வருகிறா, அவவிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு பெட்டியையும் தந்துவிடுகிறேன். வாசித்து முடிக்கும்வரை பெட்டியைத் திறக்காதே. திறந்துவிட்டுத்தான் வாசிக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும்.

நீ வருஷாவருஷம் நத்தார் பண்டிகைப் பரிசாய் அனுப்பிய சின்னக் கார் ராசாக்கள் எல்லாரும் கண்ணாடி அலுமாரியில் கொலுவிருக்கிறார்கள், சின்னம்மாவின் தேத்தண்ணிக் கோப்பைகள் குசினிக்கு நாடு கடத்தப்பட்டவை கடத்தப்பட்டவைதான். இந்தத் தீவின் உப்புக்காற்று ஆணியைத் தின்னும், பூட்டைத் தின்னும், அசந்தால் என் பல்லையும் தின்னும், ஆனபடியால் சனிக்கிழமைதோறும் பழைய பெனியன் துணியால் ஒவ்வொரு காராய்த் துடைத்து, கதவு இடுக்குகளுக்குக் காது துடைக்கிற பஞ்சுக்குச்சி விட்டு, ஈரம் இழுக்கத் தட்டுகளில் அரிசிப் பொட்டலமும் வைக்கிறேன். லிங்கன் காரின் முன்கதவும் பின்கதவும் கலியாண வீட்டு வாசலில் இரண்டு பக்கமும் நின்று வாங்கோ வாங்கோ என்பதுபோல் எதிரும் புதிருமாய்த் திறக்கிற மரியாதையை எந்த நாட்டுக் காரில் காணலாம், சொல்லு. அதற்கும் மேலே நீ முதன்முதலில் அனுப்பிய ஐம்பத்தொன்பதாம் ஆண்டுக் கடிலாக். ஒரு அடி நீளம்தான், ஆனால் அந்தப் பின்செட்டைகளைச் சுறா கண்டால் தன் செட்டையை மடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். சுண்டுவிரல் நகமளவு கைப்பிடிக்கும் குரோம் பூசி, ரயருக்கு வெள்ளைக் கரையும் போட்டவனின் பொறுமைக்குக் கோவில் கட்டலாம். அதன் சிவப்பு விளக்கைப் பார்க்க இராமேஸ்வரத்துச் சனம் கரையில் கூடி நின்றதென்று மீன் லொறி ஹலீமிடம் சொன்னேன், ஓம் ஓம், இன்னும் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிக்கச் சொல்லி அவங்கள் எனக்குப் போன் எடுத்தவங்கள் என்றான், பாவி.

இனி உன் சங்கதி. உறைபனியில் கார் வழுக்கித் தெருவோரக் கானுக்குள் போனதையும், உனக்குக் கீறல்கூட இல்லை என்பதையும், திருத்தி வந்த கார் இரண்டு மாதமாய் வாசலில் பனி மூடி நிற்பதையும், வயோதிபர்களின் வீடுகளுக்கு நீ இரண்டு பஸ் மாறிப் போய்ப் பராமரிப்பதையும், நீயே கார் ஓடாவிட்டால் வருகிற மாதம் வேலை இல்லை என்று கந்தோரில் சொன்னதையும் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். உன் அப்பாவும் அம்மாவும் கண்மூடியபின் உன்னை வளர்த்த இந்த வீட்டில் சிரித்துக்கொண்டு பொய் சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான், பிள்ளை. ஸ்ரியறிங்கைத் தொடவே பயமாயிருக்கிறதென்று கடைசியில் நீ சொன்ன ஒரு சொல்லில் சின்னம்மா அன்று சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், ஆனால் என்ன கறியென்று தெரியாது.

போன ஞாயிறு பூசை முடிய எங்கள் மாதா கோவில் முற்றத்தில் வாகன ஆசீர்வாதம். உழவு மெசினுக்கும் கூலர் லொறிக்கும் நடுவில் நான் கடிலாக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றேன். சனம் சிரித்த சிரிப்பில் கோவில் மணி தானாக அடித்தது. தோமஸ் அண்ணை, பெற்றோல் அடிச்சிட்டியளோ என்று ஒருவன், பாத்து, ஹோர்ன் அடிச்சால் எங்கட லொறி பயந்திடும் என்று இன்னொருவன். எங்கள் பங்குச் சுவாமி ஒவ்வொரு வாகனத்துக்கும் பொனற்றைத் திறக்கச் சொல்லி எஞ்சினில் தீர்த்தம் தெளித்து, பிறகு சாரதியின் தலையில் கைவைத்துச் செபிப்பது வழக்கம். என்னிடம் வந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சரி, பொனற்றைத் திறவுங்கோ என்றார். நகத்தால் திறந்து காட்டினேன், உள்ளே எஞ்சினைக் கண்டு அவரே ஒருகணம் வாய்பிளந்தார். பிறகு சாரதி ஆர் என்று கேட்டார். நான் பொனற்றைத் திரும்பவும் மூடித் திறந்தேன். சின்னம்மாதான் முன்னுக்கு வந்து, சாரதி கனடாவில, சுவாமி, பனியில வழுக்கினதிலயிருந்து பிள்ளை ஸ்ரியறிங்கைத் தொடேல்ல என்றா. சிரிப்பு நின்றது. சுவாமி உழவு மெசினை நிப்பாட்டச் சொல்லிவிட்டு, இந்தத் தலையில வைக்கிறன், அங்க போய்ச் சேரும் என்று என் வழுக்கைத் தலையில் கைவைத்து உன் பெயரைச் சொல்லிச் செபித்தார். ஆகையால் என் தலையில் இருப்பது உன் பொருள், பெட்டியில் வைக்க முடியாததால் கடிலாக்கை மட்டும் அனுப்புகிறேன்.

இன்னொன்று. நீ எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஓட்டோ பிளக் பழுதென்று ஒன்பது நாள் வீட்டில் நின்றேனே, ஞாபகமா? பிளக்குக்கு ஒன்றுமில்லை. பெரிய பாலத்தடியில் கழுதையொன்றுக்கு விலத்தப்போய் ஓட்டோவைச் சேற்றுக்குள் பிரட்டிவிட்டு, பயத்தில் நின்றேன். இதைச் சின்னம்மாவுக்கும் சொன்னதில்லை, இனியும் சொல்லாதே. பத்தாம் நாள் சும்மா ஏறி இருந்தேன். அடுத்த நாள் ஸ்ராட் பண்ணினேன். அதற்கடுத்த நாள் கடைச்சந்திப் பேக்கரிவரை போய் ஒரு பாண் வாங்கிக்கொண்டு திரும்பினேன். இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை, என் சீவியத்தில் முதல்தடவை.

கடிலாக்கை முன்கண்ணாடியில் வைக்காதே, றோட்டை மறைக்கும். பக்கத்து சீற்றில் வைத்து பெல்ற் போட்டுவிடு. உனக்கு ஓட்டோ பழக்கிய நாட்களில் நானும் உன் பக்கத்தில் பாதி சீற்றில்தான் தொங்கிக்கொண்டு வந்தேன், எனக்கு அப்போது பெல்ற்றும் இல்லை. அலுமாரியில் அது நின்ற இடம் வெறுமையாய் இருக்கிறது, சின்னம்மா தேத்தண்ணிக் கோப்பைகளோடு அந்தப் பக்கம் சுற்றித் திரிகிறா, நான் காவல் நிற்கிறேன். லீவுக்கு வரும்போது திருப்பிக் கொண்டுவா, ஆனால் உன் வீட்டிலிருந்து விமான நிலையம்வரை நீயேதான் அதைக் காரில் ஏற்றி ஓடிவர வேண்டும். வேறொருவன் ஓடிவந்தால் நான் வாங்கமாட்டேன்.

காதுக்குத் தொப்பி போடு, வேளைக்குச் சாப்பிடு. மாதா உன் நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நடப்பா.

இப்படிக்கு,
பத்துக் கார்களின் சொந்தக்காரன்,
தோமஸ் சித்தப்பா.
(சின்னம்மா அருள்நாயகியின் முத்தமும் பெட்டிக்குள் இருக்கிறது, பொனற்றைத் திறந்து பார்.)