இருமுறை கூட்டிய ஒரு மணி நேரம்

இங்கே அமெரிக்காவில் மார்ச் மாதம் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளும் நாள் இன்று. சமையலறைக் கடிகாரத்தை மூன்றாவது தடவையாகக் கழற்றினேன். "டாட், யூ ஆல்ரெடி டிட் இட்," என்றான் மகன். தெரியும். ஆனாலும் கை நிற்கவில்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது, மச்சான்.

எண்பதுகளில், ஜெர்சி சிட்டியில் நாம் இருவரும் வாடகைக்கு இருந்த அறைச் சுவரில் ஐரோப்பா வரைபடம் ஒட்டியிருந்தாய். லண்டனில் நோயாளி அம்மா, பாரிசில் தம்பி. எல்லை தாண்டிப் போய்வர அவனுக்கும் பேப்பர் இல்லை, உனக்கும் இல்லை. தினமும் ஸ்கேலை வைத்து அளப்பாய்.

"முந்நூற்றைம்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு மணித்தியாலம் பறந்தாப் போதும். அவ்வளவுதான் ரெண்டு பேருக்கும் நடுவில கிடக்குது."

ஆபீஸ் வேலையாக நான் லண்டன் கிளம்பியபோது உன் சின்ன ரெக்கார்டரில் காலி கேசட் ஒன்றைப் போட்டுத் தந்தாய். "சனிக்கிழமை பாரிசுக்குப் போய், தம்பியின்ர குரலை எடுத்துக்கொண்டுவந்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டு."

போனேன். உன் தம்பி விமான நிலையத்தில் காத்திருந்தான். பாதி நேரம் அழுதான். பிறகு சாப்பாடு, குளிர், ஹோட்டல் கிச்சன் வேலை என்று பேசினான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலு மணிக்குத் திரும்பும் விமானம்.

"அம்மா, உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும்..." என்று அவன் ஆரம்பித்தபோது நான் குறுக்கே புகுந்தேன். "தம்பி, டைம் ஆயிடுச்சு, நான் கிளம்பணும்." கேசட் அதோடு முடிகிறது.

லண்டன் ஆஸ்பத்திரியில் அதைக் கேட்ட அம்மா, "என்ன சொல்ல வந்தவன்?" என்று என்னைக் கேட்டார். அடுத்த வாரம் போய்விட்டார். நீ போனில் தம்பியைக் கேட்டபோது, "ஒண்டுமில்லையண்ணா," என்றானாம்.

உன்னிடம் நான் சொல்லாதது இதுதான். பாரிஸ் நேரம் லண்டனைவிட ஒரு மணி கூடுதல். பதற்றத்தில் காலையிலேயே லண்டன் ஓட்டலில் கைக்கடிகாரத்தைத் தள்ளி வைத்திருந்தேன். விமானம் இறங்கியதும் பாரிஸ் நேர அறிவிப்பைக் கேட்டு மறுபடி தள்ளினேன். நிலையம் முழுக்கக் கடிகாரங்கள் தொங்கின, நான் நம்பியது என்னுடையதை. பாஸ்போர்ட் சோதனையைத் தாண்டிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். மணி இரண்டே கால்; என் கையில் மூன்றே கால். திரும்பி வெளியே விடமாட்டார்கள். ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவதும் எழுந்து நடப்பதுமாக இருந்தேன். வீணாய்ப் போன அந்த ஒரு மணியில் அவன் லண்டனுக்கே பறந்திருக்கலாம்.

ஜெர்சி சிட்டி திரும்பியதும் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் நீ என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாய். "நீ போகாட்டி அம்மா அவன்ர குரலைக் கேட்டே இருக்கமாட்டா, மச்சான்."

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? நீயும் போய்விட்டாய். நீ சொன்ன நன்றி மட்டும் என்னிடம் இருக்கிறது. அது எனக்கு உரியதில்லை.