பன்னிரண்டு சுற்றும் மூன்று சுற்றும்

என்னங்க,

நான் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிட்டேன். தோசை மாவும் தக்காளிச் சட்னியும் ஃபிரிஜ்ல இருக்கு. நைட் ஷிப்டு முடிஞ்சு வந்ததும் சாப்பிட்டுட்டுத் தூங்குங்க.

நேத்து கரண்ட் மீட்டர் முன்னாடி நின்னு நானே எண்ணிட்டேன். அறுபது வாட் குண்டு பல்புக்குப் பத்து நிமிஷத்துல மீட்டர் சக்கரம் பன்னிரண்டு சுத்து சுத்துச்சு. நான் வாங்கின பதினஞ்சு வாட் சி.எஃப்.எல் பல்புக்கு மூணே சுத்து! வெளிச்சத்துல ஒரு குறையும் இல்ல. "ரெண்டும் இழுக்கற கரண்ட் ஒண்ணுதான், கடைக்காரன்கிட்ட ஏமாந்துட்டா"ன்னு உங்க அக்கா முன்னாடிதானே சிரிச்சீங்க? சாயங்காலம் அவங்க வராங்க. அவங்க முன்னாடியே நீங்க எண்ணிக் காட்டணும்.

நாகவேணி

சொல்ல மறந்துட்டேன்: எண்ணுறதுக்கு முன்னாடி ஃபிரிஜ்ஜை நிறுத்துங்க. அன்னைக்கு அதை ஓடவிட்டு, அது இழுக்கற கரண்டையும் சேர்த்து எண்ணிட்டுத்தான் தீர்ப்புச் சொன்னீங்க, கம்பெனியில குவாலிட்டி பாக்கற மனுசன்!